ஒரே நோயாளி, இரண்டு கஜானா: இங்கிலாந்தில் உணவுக் கோளாறுகளுக்கான சிகிச்சை

உணவுக் கோளாறால் அவதிப்படும் பெரியவர்களுக்கு எங்கே வைத்து வைத்தியம் பார்ப்பது? இங்கிலாந்தில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் விவாதம் கட்டில்களின் எண்ணிக்கையில் போய் நின்றுவிடுகிறது. சிறப்பு வார்டுகளில் இடம் இல்லை, சொந்த ஊரிலிருந்து வெகுதூரம் அனுப்புகிறார்கள் என்பது ஒரு தரப்பு. வார்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை வராமல் ஊரிலேயே பார்த்துக்கொள்ள ஏன் ஆளில்லை என்பது மறுதரப்பு. இரண்டு புகாரும் நியாயமானவை. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் விசாரணை அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தால் இன்னொன்று தெளிவாகிறது. ஒரு குழுவின் கையிலிருந்து இன்னொரு குழுவின் கைக்கு நோயாளி மாறும் அந்தச் சில வாரங்களில்தான் ஆபத்து மிகுதி. அந்த வாரங்களுக்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்க்காதவரை கட்டிலைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரிய மாற்றம் வராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏவரில் ஹார்ட்டின் மரணம் இதற்கு முதல் சான்று. கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் உணவைத் தவிர்த்து உடல் மெலியும் அனரெக்ஸியா நோய்க்காகப் பல மாதங்கள் உள்நோயாளியாக இருந்த அவர், 2012 ஆகஸ்டில் வீடு திரும்பினார். அடுத்த மாதமே நார்விச்சில் உள்ள ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வயது 19. புது ஊர், புது மருத்துவர், புது சிகிச்சைக் குழு. வாரந்தோறும் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும் என்ற ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் அது தளர்ந்துபோனது. அவரைக் கவனிக்கும் பொறுப்பு, இந்த நோயில் அனுபவமில்லாத ஒரு பயிற்சி உளவியலாளரிடம் இருந்தது. நவம்பர் இறுதியில் அவரைப் பார்த்த குடும்பத்தார் பதறிப்போய் எச்சரித்தார்கள். டிசம்பர் 7 அன்று விடுதி அறையில் மயங்கிக் கிடந்தவரைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் கண்டார். டிசம்பர் 15 அன்று அவர் இறந்தார்.

நாடாளுமன்ற மற்றும் சுகாதாரச் சேவை குறைதீர் அதிகாரியின் அறிக்கை வெளிவர ஐந்து ஆண்டுகள் ஆயின. 2017 டிசம்பரில் வந்த அந்த அறிக்கை, அவரைக் கவனித்த ஒவ்வொரு அமைப்பும் ஏதோ ஒரு வகையில் தவறியது என்றும், அந்த மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் சொன்னது. பின்னர் மரண விசாரணை அதிகாரி ஷான் ஹார்ஸ்டெட், ஏவரில் உட்பட ஐந்து பெண்களின் மரணங்களை விசாரித்தார். எல்லாமே கேம்பிரிட்ஜ் வட்டாரச் சேவைகளோடு தொடர்புடையவை. ஏவரில் விஷயத்தில் அலட்சியமும் மரணத்துக்குக் காரணம் என்று 2020இல் அவர் முடிவு சொன்னார். சமூகத்தில் வாழும் நோயாளிகளின் உடல்நிலையை யார் தொடர்ந்து கண்காணிப்பது என்பதில் தெளிவே இல்லை என்பது அவர் எழுப்பிய முக்கியக் கவலைகளில் ஒன்று.

கண்காணிப்பு என்றதும் எடை பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும்தான் என்று தோன்றலாம். இந்த நோயின் கொடுமையே அங்கேதான் இருக்கிறது. பட்டினி கிடக்கும் உடல் தன் தசையையும் கொழுப்பையும் கரைத்து, ரத்தத்தின் உப்புகளை இயல்பான அளவில் வைத்துக்கொள்ளக் கடைசிவரை போராடும். ஆகவே பரிசோதனை முடிவு ‘நார்மல்’ என்று வந்த சில நாட்களிலேயே இதயத் துடிப்பு தடுமாறலாம். இதைப் பழகியவர்கள் ஒரு எளிய சோதனையை நம்புகிறார்கள். நோயாளியைத் தரையில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். கையூன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். பிறகு குந்தி உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க வேண்டும். எழும்போது தொடை நடுங்குகிறதா, கை தன்னையறியாமல் முழங்காலைப் பற்றுகிறதா என்று பார்ப்பார்கள். கருவி வேண்டாம், பணச்செலவு இல்லை. ஆனால் இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் இளநிலை மருத்துவ மாணவர்களுக்கு உணவுக் கோளாறுகளைப் பற்றிச் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே கற்பிக்கப்படுகிறது என்று ஆக்னஸ் ஐட்டனும் அலி இப்ராஹிமும் 2018இல் எழுதிய ஆய்வு காட்டியது. அப்போது சில கல்லூரிகளில் அதுவும் இருக்கவில்லை.

ராயல் மனநல மருத்துவர் கல்லூரி 2010இல் ‘மார்சிபான்’ என்ற வழிகாட்டியை வெளியிட்டது இந்தக் குறையை நிரப்பத்தான். 2022இல் அதன் இடத்தைப் பிடித்த ‘மீட்’ வழிகாட்டி, ஆபத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, எந்த அறிகுறி எந்த நிறத்தில் அடங்கும் என்று சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிவப்பு என்று கண்டுபிடித்தபின் யாரை அழைப்பது என்பதற்கு அந்தந்த ஊரில் விடை இருந்தால்தான் அது பயன்படும்.

வார்டின் பயனைக் குறைத்துப் பேசுவது இந்த வாதத்தின் நோக்கமல்ல. கடும் பட்டினியில் இருந்தவருக்கு மீண்டும் உணவு கொடுப்பதே ஆபத்தான காரியம். சோறும் சர்க்கரையும் உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கிறது, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மளமளவென்று செல்களுக்குள் இழுக்கப்படுகின்றன, இதயம் திணறுகிறது. இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர், பட்டினியைத் தாங்கியும் உணவு கிடைத்தபின் மடிந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே முதல் நாட்களில் தயமின் என்ற வைட்டமினைக் கொடுத்து, தினமும் ரத்தம் பார்த்து, உணவைத் தேவைக்கேற்ப ஏற்றும் இடம் அவசியம். மிகத் தளர்ந்த நிலையில் இதை வீட்டில் செய்ய முடியாது.

உடல் தேறினால் மனமும் தானே தேறிவிடும் என்ற நம்பிக்கைதான் தவறு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944-45இல் நடத்திய பட்டினிச் சோதனை இந்தத் துறையில் இன்றும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். உடலும் மனமும் சோதிக்கப்பட்டு, ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். சில வாரங்களில் அவர்களுடைய பேச்சும் கனவும் உணவாயின. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்தார்கள், ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், சிடுசிடுத்தார்கள். நோய் என்று நாம் நினைக்கும் பல குணங்கள் பட்டினியின் விளைவுகளே என்பது அதில் தெரிந்தது. இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உணவு திரும்பக் கொடுக்கப்பட்ட பிறகும் பல மாதங்கள் அந்த மனநிலை நீங்கவில்லை. நோயே இல்லாத ஆண்களுக்கு இந்தக் கதி என்றால், ஆண்டுக்கணக்கில் நோயோடு வாழ்ந்த ஒருவரை எடை ஏறிய மறுவாரமே வீட்டுக்கு அனுப்புவது எந்தக் கணக்கில் சேரும்?

வார்டில் ஒரு சாப்பாட்டு வேளையைப் பார்த்தால் இது இன்னும் புரியும். மேசையைச் சுற்றி ஆறேழு பேர். நடுவே செவிலியர், பல வார்டுகளில் அவரும் கூடவே சாப்பிடுகிறார். பேச்சு வானிலையைப் பற்றி, நாய்க்குட்டியைப் பற்றி, தொலைக்காட்சித் தொடரைப் பற்றி. உணவைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஒருவர் ரொட்டித் துண்டைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறார்; ‘அதை வாயில் போடலாமே’ என்று செவிலியர் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். குறித்த நேரத்துக்குள் தட்டு காலியாக வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே அறையில் கூடி உட்கார்ந்திருக்க வேண்டும். குற்ற உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இந்தத் துணை கிடைக்கிறது. வீடு திரும்பிய அன்று மாலை அது ஒரேயடியாக நின்றுபோகிறது. கடையில் எந்த ரொட்டியை எடுப்பது, எவ்வளவு வெண்ணெய் தடவுவது, சாப்பிட்டபின் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் அவர் ஒருவர் தலையில். நாற்றங்காலில் தழைத்த நாற்றைப் பிடுங்கி நட்டுவிட்டு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை என்று கைவிரிப்பது போன்ற செயல் அது.

ஏன் இப்படி நேர்ந்தது? மருத்துவர்களின் மனமின்மை காரணமல்ல. பணம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 2013 முதல் பெரியவர்களுக்கான சிறப்பு வார்டுகளுக்குத் தேசிய அளவில், பொதுச் சுகாதாரச் சேவையின் தலைமை அமைப்பான என்ஹெச்எஸ் இங்கிலாந்து பணம் கொடுத்தது. ஊர்ப்புறச் சேவைக்கு அந்தந்த வட்டாரத்தில் சுகாதார நிதியை ஒதுக்கும் குழு கொடுத்தது. வட்டாரக் குழு செலவழித்து ஒரு நல்ல வெளிநோயாளர் அணியை உருவாக்கி, பத்துப் பேர் வார்டுக்குப் போகாமல் காத்தால், மிச்சமாகும் பணம் தேசியக் கஜானாவில்தான் சேரும். மறுபக்கம், ஊரில் அணியே இல்லாவிட்டால் நோயாளி முற்றி வார்டுக்குப் போவார். அந்தச் செலவு வட்டாரக் குழுவின் கணக்கில் விழாது. தடுப்பதற்குத் தண்டனையும் தள்ளிப்போடுவதற்குப் பரிசும் தந்த ஏற்பாடு அது.

எடை வரம்பு என்ற பழக்கம் வேரூன்றியதும் இந்தச் சூழலில்தான். ஆள் பற்றாக்குறையில் திணறும் சேவை, உடல் நிறைக் குறியெண்ணைக் கதவாக வைத்துக்கொண்டது: இந்த எண்ணுக்குக் கீழே வந்தால் சிகிச்சை, மேலே இருந்தால் பிறகு பார்க்கலாம். ஒற்றை அளவை வைத்துச் சிகிச்சை உண்டா இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது என்று 2017 மே மாதம் வெளிவந்த, சிகிச்சை நெறிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டி தெளிவாகச் சொல்லியது. அப்படியும் பழக்கம் போகாததால்தான், தானும் இந்த நோயோடு போராடியவரான ஹோப் விர்கோ, எடைக்கருவியைத் தூக்கி எறியுங்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ‘உங்களுக்கு இன்னும் அவ்வளவு முற்றவில்லை’ என்ற சொல் ஒரு நோயாளியின் காதில் எப்படி விழும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். முற்றிக் காட்டு என்ற கட்டளையாகவே அது விழும். உள்ளே நுழைய எடை வரம்பு வைப்பவர்கள் வெளியே அனுப்பவும் எடை வரம்பையே வைக்கிறார்கள். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். அளவுமீறி உண்டு அதை வெளியேற்ற முயலும் புலிமியாவும் அடங்காமல் உண்ணும் கோளாறும் கொண்டவர்களில் பலர் மெலிந்தவர்களே அல்லர். அவர்களுக்கு அந்தக் கதவு ஒருநாளும் திறக்காது.

மாற்றம் வந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் வெளிவந்த தேசிய வழிகாட்டி, சமூகச் சேவை, தீவிரப் பகல்நேரச் சிகிச்சை, உள்நோயாளர் பிரிவு மூன்றையும் ஒரே பாதையாகப் பார்க்கச் சொன்னது. அடுத்து வந்த ஆண்டுகளில் வார்டுகளுக்கான நிதிப் பொறுப்பு வட்டார அளவிலான மருத்துவமனைக் கூட்டமைப்புகளுக்குக் கொடுக்கப்பட்டது. வார்டில் மிச்சப்படுத்தியதை வெளியே செலவிட அவற்றால் முடியும். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உல்ரிக் ஷ்மிட்டின் குழு தொடங்கிய ‘ஃப்ரீட்’ திட்டம், 16 முதல் 25 வயதுக்குட்பட்ட, நோய் வந்து மூன்றாண்டு நிறையாதவர்களை 48 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் அழைத்து, நான்கு வாரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்க முயல்கிறது. நாடெங்கும் பரவிய இத்திட்டம் போற்றத்தக்கது. ஆனால் 40 வயதில் முதன்முறை உதவி கேட்டு வருபவருக்கு அதில் இடமில்லை. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் அவசரமென்றால் ஒரு வாரம், இல்லையென்றால் நான்கு வாரம் என்று 2015இலேயே கால வரம்பு வகுத்தவர்கள், பெரியவர்களுக்கு அப்போது அப்படி எதையும் வகுக்கவில்லை.

தொடர்ச்சியால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்ட் நல்ல எடுத்துக்காட்டு. கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் அங்கே உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, இத்தாலியில் கார்டா ஏரிக்கரையிலுள்ள வில்லா கார்டா மருத்துவமனையில் ரிக்கார்டோ தல்லே கிராவே உள்நோயாளிகளுக்கு ஏற்ப அமைத்தார்: 13 வாரம் வார்டு, 7 வாரம் பகல்நேரம். ஐட்டனின் ஆக்ஸ்ஃபோர்ட் குழு அதைத் தழுவி, அதற்குப் பின்னும் வெளிநோயாளர் சிகிச்சையை அதே முறையில் நீட்டியது. வார்டில் ஒரு கோட்பாடு, வெளியே வேறொரு கோட்பாடு என்ற குழப்பம் இல்லை. டிஸ்சார்ஜுக்கு ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இந்த வழியில் வந்தவர்கள் வழக்கமான வழியில் வந்தவர்களைவிட மிக அதிக விகிதத்தில் தேறி நின்றார்கள் என்று அக்குழு 2022இல் பதிவு செய்தது.

இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீடு அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஊக்கமுள்ளவர்களே அந்த வழியில் சேர்ந்திருக்கவும் கூடும். ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகள் சொல்வதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 242 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு மூன்று வகை வெளிநோயாளர் சிகிச்சைகளை ஒப்பிட்டது. எல்லாவற்றிலும் எடை கூடியது. சிகிச்சை முடிவில் எடையைப் பொறுத்தவரை எதுவும் மற்றதை வெல்லவில்லை. அதே ஆண்டு, அதே நாட்டில், பதின்வயதினர் 172 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், மூன்று வாரம் வார்டில் இருந்துவிட்டுப் பகல்நேரச் சிகிச்சைக்கு மாறியவர்கள் முழுக்க வார்டிலேயே இருந்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. எந்தப் பெயர் கொண்ட சிகிச்சை என்பதற்கு இருக்கும் முக்கியத்துவம் குறைவு, அது அறுபடாமல் போய்ச் சேர்வதற்கு இருக்கும் முக்கியத்துவம் அதிகம் என்று இவற்றைச் சேர்த்துப் படிப்பதே இக்கட்டுரையாளருக்குச் சரியாகப் படுகிறது.

மீதமிருப்பது நெடுங்கால நோயாளிகளின் கேள்வி. பலமுறை வார்டுக்குப் போய் வந்து சலித்த ஒருவரிடம், எடை ஏறாவிட்டால் எங்கள் பட்டியலில் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லும் சேவைகள் இருக்கின்றன. சிட்னியிலும் லண்டனிலும் ஏழாண்டுக்கு மேல் அனரெக்ஸியாவோடு வாழ்ந்த 63 பேரிடம் ஸ்டீபன் டூய்ஸ் குழு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த மனப்போக்கை உடைத்தது. எடை ஏற்றுவதை முதன்மைக் குறிக்கோளாக வைக்காமல், வாழ்க்கைத் தரத்தைக் குறிக்கோளாக வைத்து, எட்டு மாதத்தில் 30 அமர்வுகள் நடத்தினார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவதற்குப் பேர்போன இந்த நோயில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறுதிவரை வந்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. இத்தகையவர்களுக்கும் வாரந்தோறும் உடல்நிலை பார்க்க ஓர் ஆள், சரிந்தால் அழைக்க ஓர் எண், முன்பே தெரிந்த ஒரு வார்டு வேண்டும். இம்மூன்றையும் ஒரே குழுவின் பெயரில், ஒரே கணக்கில் எழுதி வைப்பது வட்டாரக் கூட்டமைப்புகளால் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம்.