அங்காதிபாதமும் சுகரணமும்: உடல்நூற் சொற்களைத் தேர்வு நோக்கில் ஆராய்தல்

மனித உடலின் அமைப்பையும் தொழிலையும் முதன்முறையாகக் கற்கும் மாணவன், இறுதித் தேர்வுக்கெனப் படித்தவற்றை மீள நோக்குங்கால் இரண்டு செயல்களைச் செய்கின்றான். உறுப்பின் பெயரையும் இருப்பிடத்தையும் நினைவிற் கொள்வது ஒன்று. அவ்வுறுப்பு ஆற்றும் தொழிலை அப்பெயரோடு பொருத்திப் பார்ப்பது மற்றொன்று. பெயர் இருபொருட்கு இடந்தருமாயின் தொழிலும் மயங்கும், விடையும் பிழைபடும். ஆதலின் கலைச்சொல்லின் தகுதியை அகராதியினும் மாணவனின் விடைத்தாளே நன்கு காட்டும் எனலாம். தமிழில் மேலைமருத்துவம் கற்பிக்கப்பட்ட வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க மிசன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது 1847ஆம் ஆண்டில். மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியோடு மாணவர்க்குக் கற்பித்தலையும் அவர் தொடங்கினார். முதற்கண் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1862இல் இரண்டாம் முறை வந்தபின் தமிழையே பயிற்றுமொழியாக்கினார். 1873இல் அவர் தாயகம் திரும்புமுன் அவரிடம் மருத்துவம் பயின்றோர் 60க்கும் மேற்பட்டோர். கட்டர் என்பார் எழுதிய தொடக்க நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என 1857இல் தமிழில் வெளிவந்தது. கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இலும், டால்ற்றனின் நூல் ‘மனுஷ சுகரணம்’ என 1883இலும் வெளிவந்தன. கிறேயின் நூல் இலண்டனில் முதலில் அச்சானது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் மாணவன் கைக்கு வந்தது என்பது நினைக்கத்தக்கது.

இவற்றுள் கட்டரின் நூல் நம் ஆராய்ச்சிக்குச் சிறப்பாக உரியது. அதன் ஆங்கிலப் பதிப்பிற் பக்கந்தோறும் அடியில் வினாக்கள் உள. எலும்பு முதலியவற்றின் அமைப்பையும் தொழிலையும் கூறி முடித்தபின், படங்களை நோக்கி அவற்றை மீளச் சொல்லுமாறு மாணவனைப் பணிக்கும் குறிப்புகளும் உள. படித்ததை வினாவாலும் படத்தாலும் மீட்கும் இம்முறைக்கு ஐயமற்ற சொற்கள் இன்றியமையாதன. படத்தில் ஒரு குழாயைச் சுட்டி ‘இஃது யாது?’ என வினவின், விடை ஒரு சொல்லாகவே அமைதல் வேண்டும். அச்சொல் பிறிதொன்றைக் குறித்தலாகாது.

தமிழ்ச் சொற்களைத் தேடியபோது கிறீனும் அவர்தம் மாணவரும் நாட்டு மருத்துவ மரபைப் புறக்கணித்தாரல்லர். அங்காதிபாதம் என்பது அம்மரபில் முன்னரே வழங்கிய பெயர். யாழ்ப்பாணத்து மருத்துவ நூலாகிய பரராசசேகரத்தில் அப்பெயரால் ஒரு பகுதி உண்டு. பழம்பெயரைப் புதிய கலைக்கு இட்டமையால், கற்கும் பொருள் முற்றும் அயலானதன்று என்னும் உணர்வை மாணவன் பெற்றிருத்தல் கூடும். ஆயின் மரபுச் சொல்லைத் தழுவுவதில் இடரும் உண்டு. ‘நரம்பு’ என்னும் சொல்லைக் காண்க. பழந்தமிழில் அது யாழின் தந்தியையும் குறித்தது; உடலகத்துத் தசைநாணையும் குருதிக்குழாயையும் குறித்தது. இன்றும் புறங்கையில் நீலமாய்த் தோன்றும் குழாயை மக்கள் நரம்பு என்றே கூறுவர். அதிற் செலுத்தும் மருந்தை ‘நரம்பு ஊசி’ என்பர். உடல்நூலிலோ நரம்பு உணர்ச்சியையும் ஏவலையும் கடத்துவது. அதிற் குருதி ஓடுவதில்லை. வீட்டுவழக்கைத் தேர்வறைக்குள் கொண்டுவரும் மாணவன் இவ்விடத்தே தவறுவான்.

குருதிக்குழாய்களின் பெயர்கள் இதனினும் நுணுகி நோக்கத்தக்கன. இதயத்தினின்று குருதியை வெளிக்கொண்டு செல்லும் குழாய் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி. இதயத்திற்குக் கொணர்வது சிரை. இலங்கைப் பாடநூல்களில் இவை முறையே நாடி, நாளம் எனப்படும். கைபார்த்து நாடி அறிதல் நம் மருத்துவ மரபு. விரலுக்குப் புலனாகும் துடிப்பு இதயத்தினின்று வரும் குழாயின் துடிப்பேயாதலின், இலங்கையார் வழக்குப் பெயரையும் தொழிலையும் ஒருங்கே நினைவூட்டுகின்றது. எனினும் ‘நாளம்’ என்னுமிடத்து மயக்கம் தோன்றுகின்றது. தமிழ்நாட்டில் நாளம் என்பது சுரப்பு நீர் செல்லும் குழாய். பித்தநாளம், நாளமில்லாச் சுரப்பி என்பன அவ்வழக்கின. இப்பொருளுக்கு இலங்கையில் வழங்குவது கான் என்னும் சொல், பித்தக்கான் என்பர். எனவே ‘ஈரல் நாளம்’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்து மாணவன் குருதி செல்லும் குழாயையும், மதுரை மாணவன் பித்தம் செல்லும் குழாயையும் கருதுவர். ஒரே மொழியில் ஒரே தொடர் இரு வேறு தொழில்களைக் குறித்து நிற்கின்றது.

இனி, கிறீன் வழங்கிய சொற்களுட் பல இன்று வழக்கிலில்லை. அங்காதிபாதம் இன்று உடற்கூறியல் எனப்படும். சுகரணம் தமிழ்நாட்டில் உடலியங்கியல் எனவும் இலங்கையில் உடற்றொழிலியல் எனவும் வழங்கும். அவர் சொற்கள் வடமொழிச் சார்பால் மறைந்தன என்பாருளர். அக்காரணம் முற்றும் பொருந்துவதன்று. தமனி, சிரை என்பனவும் வடசொற்களே. அவை இன்றும் வாழ்கின்றன. பள்ளி மாணவன் ஆண்டுதோறும் அவற்றைப் படித்து விடையெழுதுகின்றான் என்பதே வேறுபாடு. கிறீனுக்குப் பின் அத்தகைய மாணவர் நிரை தொடரவில்லை. கொழும்பில் 1870இல் தோன்றிய மருத்துவப் பள்ளியில் ஆங்கிலமே பயிற்றுமொழி. தமிழகத்து மருத்துவக் கல்லூரிகளிலும் அதுவே நிலைபெற்றது. கற்போரும் வினவுவோரும் இல்லாதொழியவே சொற்களும் நூலோடு உறங்கின. விபுலாநந்த அடிகள் தலைமையில் 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாடும், 1938இல் வெளிவந்த ‘கலைச்சொற்கள்’ தொகுதியும் இப்பணியை மீண்டும் மேற்கொள்ள நேர்ந்தமைக்கு இத்தொடர்ச்சியின்மையும் ஒரு காரணமாகும்.

ஆகவே சொல்லாக்க வரலாற்றை ஆராய்வோர் சொல்லின் பிறப்பை மட்டும் நோக்குதல் போதாது. அது கற்பிக்கப்பட்டதா, அதனைக் கொண்டு வினா எழுப்பப்பட்டதா, மாணவன் அதனால் ஐயமின்றி விடையிறுக்க இயன்றதா என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். மானிப்பாய் நூல்களின் சொற்களையும், இலங்கை, தமிழ்நாட்டுப் பாடநூற் சொற்களையும் உறுப்புவாரியாக மூன்று நிரலில் ஒப்பிட்டு, மயக்கம் தருவனவற்றைக் குறித்துக்காட்டும் தொகுதியொன்று வேண்டற்பாலது. பள்ளியில் உடலைப் பற்றித் தமிழிற் கற்று, கல்லூரியில் அனைத்தையும் ஆங்கிலத்தில் மீண்டும் தொடங்கும் மாணவர் நம்மிடையே பலர். அவர்க்கு அத்தொகுதி கைவிளக்காகும். தமிழ்த்துறை ஆய்வு மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியும் அதுவேயாம்.