காணிக்கை (கிறித்தவம்)

காணிக்கை என்பது கிறித்தவர்கள் தம் வருவாயிலிருந்து அல்லது விளைச்சலிலிருந்து ஒரு பகுதியைத் திருச்சபைக்கும், அதன் வழியாக ஏழைகளுக்கும் அளிப்பதாகும். பத்தில் ஒரு பங்காக அளிக்கப்படுவது தசமபாகம் எனப்படும். காணிக்கை என்ற சொல் கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று; திருத்தணி முருகன் கோயில் உண்டியலில் இடப்படுவதும் காணிக்கையே.

விவிலியத்தில் காணிக்கை

ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்த செய்தி ஆதியாகமம் 14இல் வருகின்றது. மோசேயின் சட்டத்தில் இது கடமையாயிற்று. நிலம் பெறாத லேவியருக்கு அது வாழ்வாதாரமாக இருந்தது (எண்ணாகமம் 18:21). அந்த லேவியரும் தாம் பெற்றதில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை தசமபாகம் ஊரிலேயே வைக்கப்பட்டு லேவியர், அந்நியர், அனாதைகள், விதவைகள் ஆகியோருக்கு உணவாக அளிக்கப்பட்டது (உபாகமம் 14:28-29). இப்பகுதி இன்றைய பிரசங்கங்களில் மல்கியா 3:10 அளவுக்கு எடுத்தாளப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தசமபாகம் பெரும்பாலும் தானியம், பழம், கால்நடை ஆகியவற்றின் மீதே விதிக்கப்பட்டது. நிலத்தின் விளைச்சலுக்குப் பதிலாகப் பணம் செலுத்த விரும்பினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்க்க வேண்டும் (லேவியராகமம் 27:31). எனவே "பத்து விழுக்காடு" என்பதை மாதச் சம்பளத்துக்கு நேரடியாகப் பொருத்துவது அச்சட்டத்தின் அமைப்பிலிருந்து விலகியதாகும்.

புதிய ஏற்பாட்டில் இயேசு தசமபாகத்தைக் கண்டிக்கவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டுக் கீரை வகைகளுக்குக் கணக்குப் பார்ப்பதையே கண்டித்தார் (மத்தேயு 23:23). இரண்டு காசுகள் போட்ட ஏழை விதவையே மிகுதியாகக் கொடுத்தவர் என்றார். பவுல் விழுக்காடு எதையும் குறிப்பிடவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காக ஒவ்வொருவரும் தம் வரவுக்கு ஏற்ப வாரத்தின் முதல் நாளில் எடுத்து வைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2), அதுவும் கட்டாயமின்றி மகிழ்ச்சியோடு (2 கொரிந்தியர் 9:7) என்பதே அவர் கூறிய முறை.

இதனால் தசமபாகம் கிறித்தவருக்குக் கட்டாயமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பல பெந்தெகொஸ்தே சபைகள் அதை வலியுறுத்துகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை தேவைக்கு உதவுமாறு மட்டும் கூறுகின்றது, அளவு விதிப்பதில்லை.

தமிழகத்தில்

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சபைகள் பெருமளவு இங்கிலாந்திலிருந்து வந்த பணத்தைச் சார்ந்திருந்தன. தன் செலவைத் தானே தாங்காத சபை தன்னைத் தானே ஆளவும் இயலாது என்பது சி.எம்.எஸ். செயலாளர் என்றி வென் (1796–1873) அவர்களின் கொள்கை. இக்கொள்கையின் தெளிவான வெளிப்பாடு, 1903 பெப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட இந்திய மிஷனெரி சங்கம் ஆகும். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை.

அதன் நிறுவனர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945) வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல் பகுதிக்கு மிஷனெரியாகச் சென்று, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய மறைமாவட்டத்தில் பெரும்பாலோர் நிலமற்ற கூலித் தொழிலாளர்கள். ஏழைகளிடம் காணிக்கை கேட்கலாமா என்ற கேள்விக்கு, கொடுக்கும் உரிமையை ஏழைக்கு மறுப்பது அவரை என்றும் இரந்து நிற்பவராகவே வைத்திருக்கும் என்பது அவர் நிலைப்பாடு. இக்கருத்துகளை 'கிறிஸ்டியன் கிவிங்' என்ற நூலில் விளக்கினார்.

பணமில்லாதோர் கொடுத்த வழி கைப்பிடி அரிசி. சமைக்கும்போது பெண்கள் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுச் சேர்த்துச் சபைக்கு அளிப்பர். மிசோரத்தில் 1910இல் தொடங்கிய இம்முறை அங்குப் பெரும் வருவாயாக வளர்ந்துள்ளது.

தென் மாவட்டங்களின் அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சல், கோழி, ஆடு, பூசணி முதலியன படைக்கப்பட்டு, ஆராதனைக்குப் பின் ஏலம் விடப்படுகின்றன. ஒரு முட்டை சந்தை விலையைப் போல் பல மடங்குக்கு ஏலம் போவதும் உண்டு. அசனப் பண்டிகையில் காணிக்கையாக வந்த அரிசியும் காய்கறியும் சமைக்கப்பட்டு ஊருக்கே விருந்தாகின்றன.

சர்ச்சைகள்

கொடுப்பவருக்கு இறைவன் பன்மடங்கு திருப்பித் தருவார் என்ற செழிப்புப் போதனை, காணிக்கையை முதலீடாக மாற்றுகின்றது எனப் பல இறையியலாளர்கள் எதிர்க்கின்றனர். தென்னிந்தியத் திருச்சபையில் சபைத் தேர்தல் வாக்குரிமை சந்தா செலுத்துவதோடு இணைக்கப்பட்டுள்ளது. இதனால் சந்தா நிலுவை, தேர்தல் காலங்களில் வாக்காளர் பட்டியல் பற்றிய பூசலாக மாறுகின்றது.