படைவீரர் பணிப்பதிவும் விடுபட்ட போர் விருதுகளும்

போர்க்களத்தில் ஒருவர் ஈட்டிய வீர விருதோ போர்ப் பதக்கமோ காயப் பதக்கமோ அவருடைய பணிப்பதிவில் ஏறாமல் விடுபட்டுப்போவதும், பின்னாளில் அதைச் சேர்க்கக் கோரி அவரோ குடும்பத்தாரோ மனு எழுதுவதும் உலகின் எல்லாப் படைகளிலும் நடப்பதுதான். அமெரிக்காவில் இதற்கெனச் சட்டப்படி அமைந்த வாரியம் இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. இங்கே மனு முதலில் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கும், பிறகு ராணுவத் தலைமையகத்துக்கும், அங்கேயும் நடக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கும் போகிறது. தருமபுரி மாவட்டத்து முன்னாள் படைவீரருக்கும் வழி இதுவே. ஆனால் போர்ச்செயலைப் பெயரோடு எழுதிவைக்கும் வழக்கம் இந்த மண்ணில் ராணுவத்தைவிடப் பழையது.

நடுகல் முதல் தகரப் பதக்கம் வரை

தகடூர் நாட்டின் நடுகற்களை இப்பகுதியின் முதல் படைப்பதிவுகள் எனலாம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் கற்களிலும், அரூர், ஊத்தங்கரை, செங்கம் வட்டார நிலங்களில் கிடைத்த கற்களிலும் பெரும்பாலும் ஒரே அமைப்பு உண்டு: ஆளும் மன்னன், அவனது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய ஆள், எந்தத் தொறுப்பூசலில் (ஆநிரைச் சண்டையில்) பட்டான், அவன் பெயர் என்ன. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை இதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே, ஊரறிய, செயல் நடந்த பக்கத்திலேயே பதிவு நடந்துவிடும். அரூரை அடுத்த செங்கம் பகுதியில் எடுத்தனூரில் உள்ள கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயின் பெயர் கோவிவன் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். இறந்தவனின் குடும்பத்துக்கு விட்ட நிலம் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி எனப்பட்டது. விருதோடு வருமானத்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வந்ததும் பெயர் போய் எண்ணிக்கை வந்தது. 1799 மார்ச்சில் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் படை பாராமகால் எனப்பட்ட இப்பகுதி வழியாக நடந்து, ராயக்கோட்டைப் பக்கம் மைசூர் எல்லையைத் தாண்டியது. சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கம்பெனி பதக்கம் அடித்தது. உயர் தளபதிகளுக்குத் தங்கம், பிறகு தரத்துக்கேற்பத் தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். பதக்கம் ஒன்றுதான், உலோகம் மட்டும் பதவிக்குத் தக்கபடி மாறியது. அதில் வாங்கியவர் பெயரும் கிடையாது. இந்தியச் சிப்பாயின் தனிப்பட்ட துணிச்சலுக்கென ஆர்டர் ஆஃப் மெரிட் 1837-ல்தான் உருவானது. விக்டோரியா கிராஸ் இந்தியர்களுக்குத் திறந்தது 1911-ல்.

முதல் உலகப்போருக்குப் பின் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் கல்வெட்டுப் பலகைகள் பதிக்கப்பட்டன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இரண்டு எண்கள் மட்டும் அவற்றில் இருக்கும். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு வகை, இரண்டு வழி

சுதந்திர இந்தியாவில் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26-ல் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த செயல்களுக்கும் செல்லுபடியாக்கப்பட்டன. சேனா பதக்கம் 1960-ல் வந்தது. அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தபோதும், படைத்துறைச் சிறப்புகளுக்கு விலக்கு அளித்தது.

விடுபட்ட விருது என்று மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, களத்தில் இருந்ததாலேயே சேரவேண்டிய பதக்கம். 1965 போருக்குச் சமர் சேவா நட்சத்திரமும் ரக்ஷா பதக்கமும், 1971-க்குப் பூர்வி நட்சத்திரம், பஸ்சிமி நட்சத்திரம், சங்கிராம் பதக்கம், கார்கிலுக்கு ஆப்பரேஷன் விஜய் நட்சத்திரமும் பதக்கமும். இவை யாருடைய கருணையும் அல்ல. அந்தத் தேதியில் அந்த யூனிட் அங்கே இருந்தது, அந்த வீரர் அந்த யூனிட்டில் இருந்தார் என்று நிறுவினால் போதும். இது எழுத்தர் வேலை, இதில் வெற்றி பெற வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, வீர விருது. இது உரிமையாக வருவதில்லை. நேரடி அதிகாரி குறிப்பு எழுதவேண்டும். அது பிரிகேடு, டிவிஷன், கோர், கமாண்டு, ராணுவத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம் என்று ஏறிக் குடியரசுத் தலைவரிடம் போகவேண்டும். எந்தப் படியிலும் அது நிற்கலாம், தரம் குறையலாம். எழுதவேண்டிய அதிகாரியே அன்று விழுந்துவிட்டால் எழுத ஆளில்லை. பார்த்த சாட்சி மருத்துவமனையில் கிடந்தால் சொல்ல ஆளில்லை. இத்தகைய இடத்தில் நீதிமன்றம் நுழைந்தாலும் நடைமுறை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்குமே தவிர, யார் எவ்வளவு துணிந்தவர் என்று தானே தராசு பிடிக்காது.

வீர விருதில் பணமும் உண்டு. 2017 ஆகஸ்ட் முதல் பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், மகா வீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு 2,000. சின்னத் தொகைதான் என்று சொல்பவர்கள் மானாவாரியில் கேழ்வரகு விதைக்கும் பென்னாகரத்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

பார்ட் டூ ஆர்டர்

படைவீரரின் வாழ்க்கை பார்ட் டூ ஆர்டரில்தான் நடக்கிறது. கல்யாணம், பிள்ளை பிறந்தது, லீவு, பதவி உயர்வு, காயம், பதக்கம் எல்லாம் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டராக வெளியாகி, ரெக்கார்டு ஆபீசில் இருக்கும் ஷீட் ரோலில் ஏறவேண்டும். ஓய்வு பெறும்போது கையில் வரும் டிஸ்சார்ஜ் புத்தகம் இந்த ஷீட் ரோலின் சுருக்கம். ஆர்டர் வெளியாகாவிட்டால் ஷீட் ரோலில் இல்லை, ஷீட் ரோலில் இல்லாதது டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் இல்லை. போர் நடக்கும்போது யூனிட் இடம் மாறும், எழுத்தரும் பதுங்குகுழியில் இருப்பார். வீரர் வேறு யூனிட்டுக்குத் தற்காலிகமாக இணைக்கப்பட்டிருந்தால், இணைந்த யூனிட் தாய் யூனிட் எழுதும் என்று விட்டுவிடும், தாய் யூனிட் இணைந்த யூனிட் எழுதும் என்று விட்டுவிடும். விடுபட்ட பதக்கங்களுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். சதி எதுவும் தேவையில்லை.

அடுத்த காரணம் பெயர். தருமபுரிப் பக்கம் மாது, முனியப்பன், சின்னசாமி, கோவிந்தசாமி என்ற பெயர்கள் தெருவுக்கு நாலு. குடும்பப் பெயர் இல்லாமல் தந்தையின் முதலெழுத்தோடு நிற்கும் நம் வழக்கத்தை வடக்கத்திய எழுத்தர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதிவைப்பார்கள். படை எண் ஒன்றே ஆளைப் பிரித்துக் காட்டும். பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கார்கிலே சாட்சி. 1999-ல் டைகர் ஹில் போரில் உடலெங்கும் குண்டு வாங்கிய 18-ஆம் கிரனேடியர்ஸ் வீரர் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம் வீர் சக்ரா மறைவுக்குப் பின் வழங்கப்படுவதாக அறிவித்தார்கள். அவரோ மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். இறந்தவர் அதே பெயருடைய இன்னொருவர். நாட்டின் உச்ச விருதுக்கே இப்படியென்றால், ஒரு சாதாரணப் பதக்கத்தில் நடக்கும் பெயர்ப்பிழையை யார் கவனிக்கப்போகிறார்கள்?

மூன்றாவது, கோப்பே இல்லாமல் போவது. ராணுவ ஒழுங்குவிதிகளின் 595-ஆம் பத்திப்படி, ஓய்வூதியம் இல்லாமல் வெளிவந்தவரின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்படுகின்றன. தீர்ப்பாய வழக்குகளில் அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்லும் பதில் இது. பெரிய கோப்புகளுக்கும் காவல் இருந்ததாகத் தெரியவில்லை. வங்கதேசப் போரை நடத்திய கிழக்குக் கட்டளையின் ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி 2010-ல் வெளிவந்தது. 1974-ல் அக்கட்டளையின் தலைவராகப் பொறுப்பேற்று அவற்றைக் கேட்டபோது, கிழித்தாயிற்று என்று பதில் வந்ததாக ஜெனரல் ஜேக்கப் சொன்னார். போர் ஆவணங்களை வரலாற்றுப் பிரிவுக்கு மாற்றித் தொகுக்கவும், 25 ஆண்டில் பொதுவில் திறக்கவும் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்தது 2021 ஜூனில்தான்.

எதிரி நாட்டுப் புத்தகம் கொடுத்த சாட்சி

விடுபட்ட விருது பிறகு வந்துசேர்ந்த வழக்குகளில் மிகப் புகழ்பெற்றது ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பையா தேவய்யாவுடையது. குடகில் பிறந்தவர். 1965 செப்டம்பர் 7 அதிகாலை பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கப் போன மிஸ்டேர் விமானங்களுக்கு மாற்று விமானியாக நிறுத்தப்பட்டவர், போனார், திரும்பவில்லை. இந்தியத் தரப்பு பதிவில் அவர் காணாமற்போனவர், அவ்வளவே. 1979-ல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃப்ரிக்கர் பாகிஸ்தான் விமானப்படையின் போரைப் பற்றி எழுதிய நூலில்தான் உண்மை தெரிந்தது. ஒலியின் வேகத்தைப் போல இரு மடங்கு பறக்கக்கூடிய ஸ்டார்ஃபைட்டர் ஒன்றைத் தன் மெதுவான மிஸ்டேரால் எதிர்த்து வீழ்த்திவிட்டே அவர் மடிந்திருக்கிறார். பாகிஸ்தான் விமானி குதித்துத் தப்பினார். தேவய்யாவின் தலைமை அதிகாரியாக இருந்த தனேஜா விடாமல் முயன்றார். 1988-ல், 23 ஆண்டு கழித்து, மகா வீர் சக்ரா வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. புது ஆதாரம் நம் கோப்பிலிருந்து வரவில்லை, எதிராளியின் பக்கத்திலிருந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு நடக்க ஒரு மூத்த அதிகாரியும் இருந்தார். இவ்விரண்டும் வாய்க்காத ஒரு நாயக்குக்கோ ஹவில்தாருக்கோ நிலைமை வேறு. அதே 1965 போரில் அசல் உத்தரில் வீழ்ந்த அப்துல் ஹமீத் தகர்த்த டாங்கிகளின் எண்ணிக்கைகூட விருதுக் குறிப்பில் குறைவாகவும் பிற பதிவுகளில் கூடுதலாகவும் இன்றுவரை நிற்கிறது. அவருக்கு உச்ச விருதே கிடைத்துவிட்டதால் அது பெரிய குறையாகப்படவில்லை.

தீர்ப்பாயம்

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் அடுத்த ஆண்டே ஆவணத் திருத்த வழக்கு ஒன்று நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கார்கிலில் படாலிக் பகுதியில் 70-ஆம் காலாட்படை பிரிகேடை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங், போர்ப் பதிவில் தன் பங்கைத் திரித்து எழுதிவிட்டார்கள் என்று முறையிட்டார்.  மகா வீர் சக்ராவுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் தேவிந்தர் சிங்குக்குக் கிடைத்தது அமைதிக்கால விருதான விசிஷ்ட சேவா பதக்கம். 2010 மே மாதம் டெல்லி முதன்மை அமர்வு, போரின்போது 15-ஆம் கோர் தளபதியாக இருந்த கிஷன் பாலின் மதிப்பீடு ஒருதலைப்பட்சமானது என்று கண்டு அதை நீக்கவும், ராணுவத்தின் கார்கில் வரலாற்றைத் திருத்தவும் உத்தரவிட்டது. போர் முடிந்து பதினொரு ஆண்டு. அதிகாரபூர்வ வரலாற்றையே மாற்றி எழுதச் சொல்ல முடியும் என்று காட்டியதால் இத்தீர்ப்பு முக்கியமானது.

ஆனால் சட்டத்தின் கதவு குறுகலானது. படைக்குள் இருக்கும் முறையீட்டு வழிகளை முடித்துவிட்டே தீர்ப்பாயத்துக்கு வரவேண்டும். இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் வரவேண்டும். தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டு, மன்னிப்பது அமர்வின் விருப்பம். தீர்ப்பாய ஆணையை உயர்நீதிமன்றத்திலும் எதிர்க்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2023 மார்ச்சில் உறுதிசெய்தது சென்னைக்கே வரச் சிரமப்படும் மனுதாரருக்குப் பெரிய ஆறுதல் அல்ல.

அமெரிக்க வாரியங்கள் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தவை. 'பிழையைத் திருத்தவும் அநீதியை நீக்கவும்' என்ற நோக்கத்தைச் சட்டமே சொல்கிறது. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக்கிடங்கு எரிந்து ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கோப்புகள் சாம்பலானபோது, சம்பளப் பட்டியல் போன்ற மாற்று ஆவணங்களைக் கொண்டு பதிவை மீட்டெழுதும் முறையை அங்கே உருவாக்கிக்கொண்டார்கள். கோப்பு இல்லை என்பது அங்கே மனுவின் தொடக்கம். இங்கே பல நேரம் அதுவே முடிவு. இந்தியாவுக்கும் அத்தகைய வாரியம் ஒன்று தேவை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஆறு மாதக் கெடு வைத்த நீதிமன்றம் ஐம்பதாண்டுப் பிழையைத் திருத்தும் இடமல்ல.

தருமபுரியிலிருந்து

மாவட்டத்து வீரர் எந்தப் படைப்பிரிவில் இருந்தாரோ அதைப் பொறுத்தே மனுவின் முகவரி. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூர், ஓசூர் தாண்டினால் போதும். பீரங்கிப்படை என்றால் நாசிக், சிக்னல் என்றால் ஜபல்பூர். எங்கே எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். முன்னாள் படைவீரர்களுக்கென நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் ஆட்சியர் அதை ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பத்தான் முடியும், ஷீட் ரோலில் கைவைக்க முடியாது.

மனுவில் 'நான் போரில் இருந்தேன்' என்று எழுதினால் போதாது. படை எண், யூனிட், கம்பெனி, இடம், தேதி, அன்றைய அதிகாரி, கூட இருந்தவர்களின் உறுதிமொழி, காயம் என்றால் ராணுவ மருத்துவமனைச் சீட்டு ஆகியவை வேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி ஷீட் ரோல், பார்ட் டூ ஆர்டர் நகலைக் கேட்டால் முப்பது நாளில் பதில் தரவேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் வெளிவந்து 25 ஆண்டை நெருங்குகிறவர்கள், பதக்கம் விடுபட்டதாக நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அந்த நகலை இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.