ஜிபிஎஸ் மிதிவண்டிக் கணினி

ஜிபிஎஸ் மிதிவண்டிக் கணினி என்பது ஹேண்டில்பாரில் பொருத்தப்படும், உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. செயற்கைக்கோள் சிக்னல்களைப் பெற்று வழி காட்டும். வேகம், தொலைவு, ஏற்றம், நேரம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும். வாங்க வருபவர் இவ்விரண்டையும் ஒரே வேலையாக எண்ணி, எத்தனை செயற்கைக்கோள் தொகுதிகளைப் பிடிக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறார். விற்பவரும் அதையே முன்னால் வைக்கிறார். ஆனால் வழி காட்டுவதும் தொலைவை அளப்பதும் வெவ்வேறு காரியங்கள். வழி காட்ட, வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். அதில் நாலைந்து மீட்டர் பிசகினாலும் திருப்பம் தவறாது. தொலைவு அப்படியல்ல. ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு இடைப்பட்ட சிறு நீளங்களின் கூட்டுத்தொகை அது. ஒவ்வொரு புள்ளியின் பிசகும் கணக்கில் ஏறிவிடும். ஆகவே வழியைச் செயற்கைக்கோளிடமும் தொலைவைச் சக்கரத்திடமும் ஒப்படைக்க இடம் தரும் கருவியே தேர்வுக்குரியது.

சக்கரத்தால் வழியை அளக்கும் எண்ணம் மிதிவண்டியைவிட ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நான்கடி விட்டமுள்ள வண்டிச் சக்கரத்தின் சுற்றளவை 12½ அடி என்று கொண்டு, 400 சுற்றுக்கு 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல் என்று கணக்கிட்டார். மைலுக்கு ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் விழும்படி பற்சக்கரங்களைக் கோத்த பொறி ஒன்றையும் தம் நூலின் பத்தாம் பகுதியில் விவரித்தார். மிதிவண்டிக்கென்று அதைச் சுருக்கி, பரவலாக விற்கவும் செய்தவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த கர்டிஸ் வீடர். 1895இல் வந்த அவருடைய சைக்ளோமீட்டரின் நுட்பம் நின்று பார்க்கத் தக்கது. முன்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றில் ஒரு சிறு முள். அச்சருகே நட்சத்திர வடிவப் பற்சக்கரம். சக்கரம் ஒரு முறை சுழன்றால் முள் நட்சத்திரத்தின் ஒரு முனையைத் தட்டும். அந்தத் தட்டல் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் வழியே தேய்ந்து தேய்ந்து இறங்கி, எண் உருளைகளை இம்மியளவு நகர்த்தும். பத்தாயிரம் மைல் ஆனதும் எல்லா உருளைகளும் பூஜ்யத்துக்குத் திரும்பும். 28 அங்குலச் சக்கரத்துக்கான கருவியை 26 அங்குலச் சக்கரத்தில் மாட்டினால் கணக்கு பொய்த்துவிடும் என்பதால், சக்கர அளவுக்கு ஏற்பத் தனித்தனிக் கருவிகள் விற்கப்பட்டன. 1980களில் பரவிய மின்னணுக் கருவிகள் முள்ளுக்குப் பதில் காந்தத்தையும் நட்சத்திரத்துக்குப் பதில், காந்தம் நெருங்கினால் இணையும் ரீட் சுவிட்சையும் வைத்தன. சுற்றளவை மில்லிமீட்டரில் எண்ணாகவே பதியும் வசதி வந்தது. அடிப்படை மாறவில்லை: சுற்றளவு ஒன்று சரியாக இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருக்கும்.

செயற்கைக்கோள் இந்தக் கதைக்குள் வந்தது தாமதமாகத்தான். ஜிபிஎஸ் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1983இல் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சோவியத் வான்வெளிக்குள் வழிதவறிப் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, பொதுமக்களும் இந்த அமைப்பைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. ஆனால் ராணுவக் காரணங்களுக்காகச் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது; பொதுப் பயனர்களுக்கு நூறு மீட்டர் வரை இடம் தப்பியது. 2000 மே மாதம் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டதும் பிழை ஒரேயடியாகப் பத்திருபது மீட்டருக்குள் இறங்கியது. மிதிவண்டிக்கென்றே கார்மின் நிறுவனம் வெளியிட்ட எட்ஜ் 205, 305 கருவிகள் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தவை. எட்ஜ் 305உடன் சக்கரத்தில் மாட்டும் வேகச் சென்சாரையும் இணைக்க முடிந்தது. செயற்கைக்கோளை நம்பிப் பிறந்த கருவியைச் செய்தவர்களே சக்கரத்துக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது தற்செயல் அல்ல.

ஏன் என்பதை ஒரு கொண்டை ஊசி வளைவில் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் வண்டி நொடிக்கு 8.3 மீட்டர் போகிறது. வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று கொள்வோம். கருவி நொடிக்கு ஒரு புள்ளி பதிந்தால், வண்டி வில்லாக ஓடிய 8.3 மீட்டரைக் கருவி 8.1 மீட்டர் நேர்கோடாக எண்ணும். ஏறக்குறைய மூன்று விழுக்காடு இழப்பு. பேட்டரியை மிச்சப்படுத்த ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி பதியும் முறையை வைத்தாலோ, அந்த நேரத்தில் வண்டி 41 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அரைவட்ட வளைவின் மொத்த நீளமே 31 மீட்டர்தான். அதாவது வளைவு முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போகலாம். கொல்லிமலைச் சாலையில் அப்படிப்பட்ட வளைவுகள் 70. நேர்சாலையில் இதற்கு மாறான பிழை நேர்கிறது: புள்ளிகள் பாதையின் இரு பக்கமும் தள்ளாடுவதால் வண்டி போகாத நீளமும் கணக்கில் சேரும். ஒரு பிழை மற்றொன்றை ஈடுசெய்யும் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இரட்டை அலைவரிசைக் கருவிகள் வந்த பிறகு இந்த வாதம் செல்லாது என்பார்கள். எல்1 அலைவரிசையோடு எல்5ஐயும் பெறும் கருவிகள் உயர்ந்த கட்டடங்களுக்கும் பாறைச் சுவர்களுக்கும் நடுவே மோதித் திரும்பும் சிக்னலை நன்றாகவே இனம் பிரிக்கின்றன. அந்த முன்னேற்றம் உண்மையானது. ஆனால் அது புள்ளியைச் சரியான இடத்தில் வைக்குமே தவிர, இரண்டு புள்ளிகளுக்கு இடையே வளைந்து போன சாலையை நிமிர்த்தாமல் இருக்காது. துல்லியம் கட்டாயமான ஒரு துறை என்ன செய்கிறது என்பதே இதற்குத் தக்க சான்று. மாரத்தான் போன்ற சாலை ஓட்டங்களின் பாதையை அதிகாரபூர்வமாக அளக்க இன்றும் ஏற்கப்படும் முறை, அளவிடப்பட்ட நேர்ப்பாதை ஒன்றில் ஓட்டிச் சரிபார்த்த மிதிவண்டிதான். முன்சக்கரத்தின் அச்சில் ஜோன்ஸ் எண்ணி என்ற சிறு கருவியை மாட்டி, ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டிலேயே ஓட்டி அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடாதிருக்க ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்கிறார்கள், 42.195 கிலோமீட்டருக்கு அது 42 மீட்டர். இந்த வேலைக்குச் செயற்கைக்கோள் அளவு ஏற்கப்படுவதில்லை.

சக்கரமும் பொய் சொல்லும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. டயரை மாற்றினாலும் காற்று இறங்கினாலும் சுற்றளவு மாறுகிறது. 700×25 டயருக்கு வழக்கமாகப் பதியும் அளவு 2,105 மில்லிமீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் 200 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தவறும். ஆனால் இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம், ஒரே விகிதத்தில் இருப்பதால் திருத்திவிட முடியும். தரையில் சாக்பீஸால் கோடிட்டு, வால்வு அதற்கு நேர்மேலே அடியில் நிற்குமாறு வைத்து, ஆள் ஏறி உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று உருட்டி, வால்வு மறுபடி அடிக்கு வரும் இடம் வரை நாடாவால் அளக்க வேண்டும். ஆள் ஏறாமல் வெறும் வண்டியை உருட்டி அளந்தால் டயர் அமுங்காது, அளவு கூடிவிடும். பல கருவிகள் சுற்றளவைச் செயற்கைக்கோளைக் கொண்டு தாமே கணித்துக்கொள்ளும். நீண்ட நேர்சாலையில் அது பரவாயில்லை. முதல் கிலோமீட்டர்கள் மரநிழலிலும் சந்துகளிலும் போனால் செயற்கைக்கோளின் பிழை சக்கரத்துக்கும் தொற்றிக்கொள்ளும். கையால் அளவைப் பதிய இடம் தராத கருவியை விட்டுவிடலாம்.

ஏற்றத்தைக் காற்றழுத்தமானி உள்ள கருவியே ஓரளவு நம்பகமாகச் சொல்லும். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்த மாற்றம் எட்டு மீட்டருக்கும் சற்றே கூடுதலான உயரத்துக்குச் சமம். வெப்பமண்டலத்தில் காலை பத்து மணியளவில் உச்சத்தில் இருக்கும் அழுத்தம் மாலை நான்குக்குள் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் குறைவது அன்றாட நிகழ்ச்சி. எனவே வண்டி அசையாமல் நின்றிருந்தாலும் கருவி இருபத்தைந்து, முப்பது மீட்டர் ஏறியதாகக் காட்டும். கிளம்பும் இடத்தின் உயரத்தைக் கையால் பதியும் வசதி இருந்தால், அதே இடத்துக்கு வரும்போதெல்லாம் பிழையைக் களையலாம்.

வழிகாட்டலுக்கு வரைபடம் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். செல்பேசிச் சிக்னல் இல்லாத காட்டுச் சாலையிலும் பாதை தவறினால் மாற்றுவழி சொல்ல வேண்டும். வெறும் கோட்டை மட்டும் காட்டும் மலிவுக் கருவி முச்சந்தியில் எந்தக் கிளை என்று தெளிவாகச் சொல்லாது. பெரும்பாலான வரைபடங்கள் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து வருவதால், போகும் பகுதி அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று முன்னதாகப் பார்த்துக்கொள்வது நல்லது. பொத்தான்கள் உள்ள கருவியே மேல். மழைத்துளியும் ஈரக் கையுறையும் தொடுதிரையைத் தடுமாற வைக்கும். பேட்டரியை ஓட்டத்தின் கால எல்லையோடு ஒப்பிட வேண்டும். பிரவே எனப்படும், கால எல்லைக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம். 600 கிலோமீட்டருக்கு 40 மணி. நடுத்தர விலைக் கருவிகள் பல 15 முதல் 20 மணி என்று சொல்வது இரவு வெளிச்சத்தையும் மாற்றுவழிக் கணக்கையும் கூட்டினால் குறையும். ஓட்டத்தின் நடுவே பவர் பேங்க்கிலோ, சக்கர அச்சில் மின்சாரம் தரும் ஹப் டைனமோவிலோ இணைத்து ஏற்ற முடிகிறதா, மழையிலும் அந்த இணைப்பு தாங்குமா என்பவை திரையின் அழகைவிட முதன்மையானவை. செல்பேசி இவை எல்லாவற்றையும் செய்யும் என்பவர்கள், வெயிலில் சூடேறித் தானே அணைந்துபோகும் திரையையும் அவசரத்துக்கு அழைக்க மிச்சமிருக்க வேண்டிய பேட்டரியையும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்று கார்மின், வாஹூ, பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட், ஹேமர்ஹெட் ஆகியவற்றின் கருவிகள் சந்தையில் உள்ளன. ஆன்ட் பிளஸ், புளூடூத் ஆகிய கம்பியில்லா இணைப்புகளில் இயங்கும் சென்சார்களை இவற்றில் பெரும்பாலானவை ஏற்கும். செயற்கைக்கோள் தொகுதிகளில் இந்தியாவின் நாவிக், 2023இல் ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோள் முதல், எல்1 அலைவரிசையிலும் சிக்னல் அனுப்புகிறது.