மலாயா ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடையும் காலைப் பெரட்டும்

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கப்படும் பெரட்டுக் களம். மற்றொன்று, பிற்பகலில் திறக்கும் கள்ளுக்கடை. இரண்டும் பெரும்பாலும் ஒரே தோட்டத்தின் எல்லைக்குள், ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. மாலையில் கள் விற்ற நிர்வாகமே மறுநாள் காலையில் வேலைக்கு வராதவரின் பெயரைக் குறித்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டைத் தொழிலாளர்கள் எப்போது, ஏன் எதிர்த்தார்கள் என்பது மலாயாத் தமிழர் வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதி.

புலம்பெயர்வின் பின்னணி

19-ஆம் நூற்றாண்டில் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கும் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர்கள் மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. பின்னர் கங்காணி முறை அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி தன் ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்துவருவது இம்முறை. பயணச் செலவுக்காக 1907-இல் ஒரு பொது நிதி ஏற்படுத்தப்பட்டது.

வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதுகூட மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தனர். ஊரில் ஒருவருக்குக் குடும்பம், கோயில், திருவிழா, சந்தை எனப் பல இடங்கள் இருந்தன. குடிக்கிறவரைத் தடுக்கவும் கண்டிக்கவும் பெரியவர்கள் இருந்தனர். தோட்டத்தில் லயத்து வீடும் வேலைக்காடும் மட்டுமே இருந்தன. பக்கத்து நகரம் பல மைல் தொலைவில் இருந்தது. வேலை முடிந்தபின் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுவதற்கு இருந்த இடம் பெரும்பாலும் கள்ளுக்கடைதான்.

பால்வெட்டும் பெரட்டும்

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது குளிர்ந்த அதிகாலையில்தான். மரத்தினுள் நீரழுத்தம் அப்போது மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் வெளியேறி அழுத்தம் குறைவதால், பால் வரத்தும் குறையும். ஆகவே தோட்டத்தின் பொழுது விடியுமுன்பே தொடங்கியது. இருட்டோடு மணியோ தப்போ ஒலிக்க, தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றனர். கிராணி பெயர்களைப் படித்துச் செக்ரோலில் பதிந்தார். தண்டல் அவரவர்க்குரிய நிரையைக் காட்டி அனுப்பினார். துரையும் பல நாட்களில் நேரில் வந்து நின்றார்.

ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. இது உடல் வலிமையைவிடக் கைத்திறனைச் சார்ந்த வேலை. பட்டையின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராமல் முடிச்சு விழும். பிறகு அங்கே வெட்ட முடியாது. முந்தைய மாலையின் மயக்கம் தெளியாமல், தலைவலியோடும் நடுங்கும் கையோடும் நிரைக்குப் போன தொழிலாளிக்கு இது கடினமான வேலை. மரத்தைக் காயப்படுத்தினால் தண்டலின் ஏச்சு நிச்சயம்.

பெரட்டுக்கு வராமல் லயத்திலேயே படுத்துவிட்டால் அன்றைய கூலி இல்லை. 1920-களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள மாவட்டங்களில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட், பெண்களுக்கு 40 சென்ட் என்பது அடிப்படைக் கூலியாக இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியபோது இதுவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்தக் கூலியில் ஒரு நாள் இழப்பு என்பது குடும்பத்தின் அரிசியைத் தொடும் இழப்பு. கள்ளுக்குச் செலவான காசும், மறுநாள் இழந்த கூலியும் சேர்ந்து ஒரே வீட்டின் மேல் விழுந்தன.

கள்ளின் இயல்பு

மலாயாவில் விற்கப்பட்டது தென்னங்கள். தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கப்படும் இனிப்பான சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுப் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள்ளாகும். அதன் சாராய அளவு பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு. ஒரு நாள் கடந்தால் காடியாக மாறத் தொடங்கிவிடும்.

இந்த இயல்பே கள்ளுக்கடையின் வணிகத்தை வடிவமைத்தது. கள்ளைத் தேக்கி வைக்க முடியாது; நெடுந்தொலைவு கொண்டுசெல்லவும் முடியாது. அன்று இறக்கியது அன்றே விற்றாக வேண்டும். ஆகவே குடிப்பவர்கள் இருக்கும் இடத்திலேயே கடை இருக்க வேண்டியிருந்தது. தோட்டத்திற்குள் கடை அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டக் கள்ளுக்கடை

நகரங்களில் அரசின் கள்ளுக்கடைகள் இருந்தன. தோட்டங்களில் அரசின் உரிமம் பெற்று நிர்வாகமே கடை நடத்தியது. தோட்டக் கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்கான நிதியில் சேர்க்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. இதனால் ஒரு முரண் எழுந்தது. கோயில் திருவிழா, விளையாட்டு போன்ற பொதுச் செலவுகளுக்கான பணம் தொழிலாளரின் குடியிலிருந்தே வந்தது. குடி குறைந்தால் நல நிதியும் குறையும் என்ற நிலை உருவானது.

கள்ளுக்கடைக்கு ஆதரவாகத் தோட்ட முதலாளிகள் சில வாதங்களை முன்வைத்தனர். கள் தொழிலாளரின் ஊர்ப் பழக்கம். அதில் ஊட்டச்சத்து உண்டு. கடையை மூடினால் அவர்கள் சம்சு என்னும் கடுமையான காய்ச்சிய சாராயத்தைத் தேடிப் போவார்கள் என்பன அவை. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. புதிய கள்ளில் ஈஸ்ட்டிலிருந்து வரும் பி வகை வைட்டமின்கள் உண்டு. திருட்டுச் சம்சு கள்ளைவிடப் பல மடங்கு ஆபத்தானது என்பதும் சரியே. ஆனால் ஊட்டச்சத்துக் குறைவுக்குக் காரணமான குறைந்த கூலியைப் பற்றியோ, மாலையில் போவதற்கு வேறு இடம் இல்லாததைப் பற்றியோ இந்த வாதங்கள் பேசவில்லை. தோட்டத்திலேயே கள் கிடைப்பது தொழிலாளரை வெளியே போகாமல் வைத்திருந்தது என்பதும் நிர்வாகத்திற்கு வசதியாக இருந்தது.

இரு அளவுகோல்கள்

மலாயாவில் அந்நியராக வந்து குடித்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள் மட்டும் அல்லர். ஐரோப்பியத் துரைமாரும் தாயகத்தை விட்டு வந்தவர்களே. அவர்களும் தனிமையில் வாழ்ந்தவர்களே. அவர்களுக்கு நகரங்களில் கிளப்புகள் இருந்தன. 1884-இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் கிளப் அவற்றுள் புகழ்பெற்றது. விஸ்கியும் சோடாவும் கலந்த பானத்திற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்டெங்கா’. பாதி என்று பொருள்படும் ‘செத்தெங்கா’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு அது.

துரையும் விடியுமுன் எழுந்தாக வேண்டியவர்தான். ஆனால் இரவில் குடித்துவிட்டுத் தலைவலியோடு பெரட்டுக்கு வந்த துரைக்கு அன்றைய சம்பளம் குறையவில்லை. அவர் குடித்தது அவருடைய இனத்தின் குறையாகக் கருதப்படவும் இல்லை. தொழிலாளி வேலைக்கு வராத நாள் மட்டும், தமிழர் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்ற பொதுத் தீர்ப்புக்குச் சான்றாக்கப்பட்டது. கூலி உயர்வு கேட்கும்போது, கூடுதல் கூலி கள்ளுக்கடைக்கே போகும் என்று பதில் சொல்லவும் இத்தீர்ப்பு உதவியது.

மதுவிலக்குக் கருத்தின் வரவு

1920-களிலும் 1930-களிலும் இந்தியாவில் வளர்ந்த மதுவிலக்கு இயக்கம் மலாயாவிலும் எதிரொலித்தது. காந்தி மதுவிலக்கைத் தேசியக் கடமையாக முன்வைத்தார். 1937-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஊரில் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட செய்தி, தோட்டத்தில் கள்ளுக்கடை திறந்திருப்பதைப் புதிய கண்ணோடு பார்க்க வைத்தது.

தமிழ் நாளிதழ்கள் தோட்டங்களை எட்டின. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டனர். பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தபின் சுயமரியாதைக் கருத்துகளும் பரவின. 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் உருவானது. இவ்வாறு, குடியை ஒரு தனிமனிதனின் பழக்கமாக மட்டும் பார்க்காமல், தொழிலாளர் வாழ்க்கை அமைக்கப்பட்ட முறையோடு சேர்த்துப் பார்க்கும் பார்வை உருவாயிற்று.

கிள்ளான் வேலைநிறுத்தம், 1941

இந்தப் பார்வை வெளிப்படையாகத் தெரிந்தது 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில். ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் இதன் முக்கியத் தலைவர்களில் ஒருவர். போர்க்காலத்தில் ரப்பருக்குத் தேவை பெருகியிருந்தது; ஆனால் தமிழரின் கூலி சீனத் தொழிலாளரின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது.

தொழிலாளர்களின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்கள் மீதான அத்துமீறல்களுக்கு முடிவு ஆகியவை இடம்பெற்றன. துரையும் அலுவலர்களும் எதிரில் வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் அவர்கள் கேட்டனர். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது.

இது கவனிக்கத்தக்கது. கள்ளைக் குடித்தவர்களும் அவர்களின் குடும்பத்தாருமே கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அதைக் கூலி, கல்வி, மரியாதை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குடி தங்கள் பிறவிக் குணம் என்ற தீர்ப்பை அவர்கள் ஏற்கவில்லை என்பதற்கு இக்கோரிக்கையே சான்று.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர்.

கெடாவில் தொண்டர் படை

போர் முடிந்தபின் கள்ளெதிர்ப்பு மீண்டும் எழுந்தது. கெடா மாநிலத்தின் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை இயங்கியது. இந்திய தேசிய இராணுவம், இந்திய சுதந்திரச் சங்கம் ஆகியவற்றின் அனுபவம் பலருக்கு ஒழுங்கையும் தன்னம்பிக்கையையும் கொடுத்திருந்தது. தொண்டர்கள் சீருடை அணிந்து பயிற்சி செய்தனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர்.

1947-இல் தொண்டர் படைக்கும் போலீசாருக்கும் இடையே மோதல்கள் ஏற்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. குடியை நிறுத்தச் சொன்ன ஓர் இயக்கத்தை நிர்வாகமும் அரசும் அச்சத்துடன் பார்த்ததற்குக் காரணம் உண்டு. மாலையில் கள்ளுக்கடைக்குப் போகாமல் தொண்டர் படைக் கூட்டத்துக்குப் போன தொழிலாளர்கள், அங்கே கூலியைப் பற்றியும் பேசினார்கள்.

பிற்காலம்

விடுதலைக்குப் பின் தோட்டங்களே மாறத் தொடங்கின. 1960-களிலிருந்து ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை பரவியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புக்காகவும் தொழிற்பேட்டைகளுக்காகவும் விற்கப்பட்டன. தோட்டங்களோடு கள்ளுக்கடைகளும் படிப்படியாகக் குறைந்தன.

ஆனால் குடிப்பழக்கம் மறையவில்லை. முதலாளிகள் முன்பு எச்சரித்தபடியே, சிறு புட்டிகளில் மலிவாக விற்கப்பட்ட சம்சு கள்ளின் இடத்தைப் பிடித்தது. அதன் சாராய அளவு கள்ளைவிடப் பல மடங்கு அதிகம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவின் தீமைகளைக் குறித்துப் பல ஆண்டுகள் பரப்புரை செய்தது. கடை மூடப்பட்டாலும், கூலி, வீடு, கல்வி, மாலையில் கூடும் இடம் ஆகியவை கூடவே சீராகாத இடங்களில் குடி வேறு வடிவில் தொடர்ந்தது. 1941-ஆம் ஆண்டுத் தொழிலாளர்கள் இவற்றைத் தனித்தனியே கேட்காமல் ஒரே பட்டியலில் சேர்த்துக் கேட்டிருந்தனர்.