குடியிருப்பும் கூட்டுறவும் – ஒரு வரலாற்று நோக்கு

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்பது மற்றொன்று. முன்னது வீடு கட்டுவதன் அருமையைக் கூறும். பின்னது ஒற்றுமையின் பெருமையைக் கூறும். இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்துப் பார்த்த முயற்சியே குடியிருப்புக் கழகம் என்பது. பிறந்த ஊரை விட்டு வந்து, திருப்பதியிலும் சித்தூரிலும் குடிக்கூலி கொடுத்து வாழ்பவர் நம்மில் பலர். ஆதலின், இம்முயற்சியின் வரலாற்றைச் சிறிது ஆராய்வது இவ்வாண்டு விழா மலருக்குப் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

நாம் வாழும் திருப்பதி நகரமே குடியேற்றத்தால் தோன்றியதாகும். இராமானுசர் மலையடிவாரத்தில் கோவிந்தராசப் பெருமாளை எழுந்தருளச் செய்து, கோயிற் பணியாளர் குடியிருக்கத் தெருக்களை வகுத்தார் என்றும், அவ்வூர் இராமானுசபுரம் எனப் பெயர் பெற்றது என்றும் வைணவ மரபு கூறும். அங்குக் குடியிருந்தோரைப் பிணைத்தது கோயிற் பணி. ஆனால் பல ஊர்களிலிருந்து பல தொழில் நாடி வந்து, ஒரே கூரையின்கீழ் வாழும் இக்கால மக்களைப் பிணைப்பது யாது?

இவ்வினாவுக்கு விடை காண முயன்றவருள் முதன்மையானவர் இங்கிலாந்து நாட்டு ஆக்டேவியா ஹில் என்னும் பெண்மணியார். காந்தியடிகளின் 'சர்வோதயம்' என்னும் நூலுக்கு மூலம் தந்த ஜான் ரஸ்கின், 1865-ஆம் ஆண்டில் இலண்டன் மேரிலபோன் பகுதியில் சிதைந்து கிடந்த மூன்று வீடுகளை வாங்கி இவ்வம்மையாரிடம் ஒப்படைத்தார். போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வருவாய் கிடைத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மையார் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாடகை பெற்றார். அங்ஙனம் சென்றபோதெல்லாம் குடியிருப்போரின் குறைகளையும் கேட்டறிந்தார். குழந்தைகளுக்கு விளையாட்டிடம் அமைத்தார். வேலையற்ற காலத்தில் குடியிருப்போருக்கே பழுது பார்க்கும் பணியை அளித்தார்.

அவர் செய்தவற்றுள் ஒன்று சிறப்பாக நினைக்கத் தக்கது. ஒவ்வொரு வீட்டின் பழுது பார்ப்புக்கும் ஒரு தொகை ஒதுக்குவார். பொருள்களை உடைக்காமல் காத்து அத்தொகையில் மிச்சம் பிடித்தால், அம்மிச்சத்தைக் கொண்டு எவ்வசதி செய்ய வேண்டும் என்பதைக் குடியிருப்போரே சொல்லலாம். தொகை சிறிதுதான். ஆயினும், 'என் சொல்லுக்கும் இங்கு மதிப்புண்டு' என்னும் எண்ணத்தை அஃது ஏழையின் உள்ளத்தில் விதைத்தது. எனினும், வாடகை தவறினால் வெளியேற்றத் தயங்காத கண்டிப்பும் அவரிடம் இருந்தது. குடியிருப்போர் சொல்வதை அவர் கேட்டார். ஆட்சியை அவர்களிடம் விட்டாரில்லை.

அவ்வாட்சியையும் குடியிருப்போருக்கே அளிக்க எழுந்தது மற்றொரு முயற்சி. 1901-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த ஈலிங்கில், தச்சராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கிய ஹென்றி விவியன் முதலியோர் குடியிருப்போர் பங்குக் கழகம் ஒன்றை நிறுவினர். வீடுகள் கழகத்துக்கு உரியவை. கழகமோ குடியிருப்போர்க்கு உரியது. வாடகை கொடுப்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே!

இவ்வித்து நம் நாட்டிலும் முளைத்தது. 1915-ஆம் ஆண்டில் பம்பாய் காம்தேவியில், இராவ் பகதூர் தால்மகி என்பாரின் முயற்சியால் சாரஸ்வதர் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் பதிவாயிற்று. அதன் உறுப்பினர் யாவர்? கன்னடக் கடற்கரையிலிருந்து பிழைப்பு நாடிப் பம்பாய்க்கு வந்தவர். அலுவலகங்களில் எழுதுகோல் பிடித்தவர் பலர். நம்மை ஒத்தவரே என்க. மாநகரில் வீட்டுக்காரரின் தயவில் வாழ்ந்தவர், சிறு சேமிப்பைத் திரட்டித் தமக்குத் தாமே வீட்டுக்காரர் ஆயினர். அச்சங்கம் 2015-ஆம் ஆண்டில் நூறாண்டு நிறைவு கண்டது.

ஆனால், இத்தகைய சங்கங்களில் சேரப் பங்குத்தொகை வேண்டும். பெரும்பாலும் ஓரினத்தாரே தம்முள் கூடிக்கொண்டனர். பங்குத்தொகை இல்லாத ஏழைக்கு வீடு தரும் கடமை அரசைச் சார்ந்தது. சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டில் வீட்டு வசதிக் கழகம் அமைந்தது. சீனர், மலாயர், தமிழர் ஆகியோர் கூடி வாழும் அவ்வடுக்கு மாடிகளில், 1978-ஆம் ஆண்டு முதல் குடியிருப்போர் குழுக்கள் ஏற்பட்டன. கட்டடங்களின் கீழ்த்தளத்தைத் திறந்த வெளியாக விட்டு வைத்தனர். மணவிழாவும் இறுதிச் சடங்கும் அங்கே நிகழும். அயலார் இன்பத்திலும் துன்பத்திலும் பங்கு கொள்ள இடம் வேண்டும் என்பதைக் கட்டடம் எழுப்பியோர் உணர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டில் 1970-ஆம் ஆண்டில் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. 2021-ஆம் ஆண்டில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அவ்வாரியம், 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்னும் திட்டத்தை வகுத்தது. குடியிருப்போர் தமக்குள் நலச் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை திரட்டினால், அதற்கு இணையான தொகையை அரசும் அளிக்கும் என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டு கழித்தேனும் குடியிருப்போரைப் பொறுப்பில் பங்கு கொள்ள அழைத்தமை பாராட்டற்குரியது. ஆயினும், பொறுப்பில் பங்கு தருவோர் அதிகாரத்திலும் பங்கு தருதல் வேண்டும். அஃதில்லையேல், பங்கு என்பது சுமையாகவே முடியும்.

குடியிருப்போரின் கூட்டுணர்வு உயிரையே காக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், திருவொற்றியூரில் அவ்வாரியத்தின் 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து வீழ்ந்தது. ஓர் உயிரும் சேதமாகவில்லை. விரிசலைக் கண்டவர், 'நம் வீடு தப்பினால் போதும்' என்றிராமல், அக்கம் பக்கத்தாரையும் எச்சரித்து வெளியேறச் செய்தமையே காரணம். கதவைத் தட்டும் அளவுக்கு அயலாரை அறிந்திருத்தல் எத்துணைப் பெரிய காப்பு!

நாமும் இதனைச் சிறிய அளவில் கண்டதுண்டு. இருப்புப்பாதைப் பணியில் ஊர்தோறும் மாற்றலாகிச் செல்லும் நாம், முன்னர் ஓர் ஊரில் வாடகை வீடுகள் நிறைந்த வரிசையொன்றில் வசித்தோம். நீர் இறைக்கும் பொறி பழுதாகி மூன்று வாரம் ஆயிற்று. வீட்டுக்காரரிடம் ஒவ்வொருவரும் தனித்தனியே சென்று முறையிட்டோம், பயனில்லை. ஒரு ஞாயிறு மாலை வேப்ப மரத்தடியில் ஏழு குடும்பத்தாரும் கூடி, ஒரே தாளில் கையெழுத்திட்டு அளித்தோம். நான்காம் நாள் நீர் வந்தது. அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. அதுகாறும் நாம் பெயரறியாதிருந்த தெலுங்கு அன்பர் ஒருவர், அன்று முதல் நமக்கு அண்ணனாரானார்.

ஆதலின், நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கம் மொழி வளர்க்கிறது, விழா எடுக்கிறது. இவற்றோடு, உறுப்பினர் வாழும் தெருக்கள்தோறும் குடியிருப்போர் குழு அமைய வழி செய்தல் வேண்டும். திங்களுக்கு ஒருமுறை கூடட்டும். குறைகளையும் வரவு செலவையும் ஏட்டில் பதியட்டும். தமிழர் மட்டுமே கூடுதல் போதாது. அண்டை வீட்டுத் தெலுங்கு மக்களையும் அழைத்தல் வேண்டும். ஒழுகும் கூரை மொழி பார்த்து ஒழுகுவதில்லை. வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும். அவ்வெல்லையில் வாழும் நாம், இரு மொழியாரும் கூடி வாழும் வாழ்வுக்கு வாயிலாக அமைவோமாக!

வாழ்க தமிழ்! வளர்க கூட்டுறவு!