முன்னால் வந்ததெல்லாம் மூலமாகுமா? ஒரு பம்பாய் இசைத்தட்டும் ஒரு ரொக் பாட்டும்

 

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் தரம் 10 வகுப்பில் வரலாற்றுப் பாடம் முடியும் நேரம், பின் வரிசைப் பிள்ளை ஒருவர் கையை உயர்த்தினார். "சேர், உலகம் முழுக்க ஆடுற டீஜே மியூசிக்கக் கண்டுபிடிச்சது ஒரு இந்தியனாமே? வெள்ளைக்காரன் களவெடுத்துட்டானாமே?" வீட்டுப் போனுக்கு வந்த செய்தியாம். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "இல்ல சேர், பீட்டில்ஸ்ட ஒரு ரொக் பாட்டுலதான் அது தொடங்கினதாம். எங்கட மாமா சொன்னார்." மணி அடித்துவிட்டது. தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். இந்தப் பதிவு அந்த வாக்கு.

இசை கேட்பது கூடுமா, கூடாதா என்ற பேச்சுக்கு இது இடமல்ல. அதை உலமாக்களிடம் விடுகிறோம். எமக்கு இது ஒரு வரலாற்றுக் கேள்வி. ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று எப்போது சொல்லலாம்?

முதலில் அந்த இந்தியரின் கதை. அது பொய்க் கதையல்ல. அவர் பெயர் சரண்ஜித் சிங். பம்பாய் ஹிந்திப் படங்களின் இசைக்குழுக்களில் கிட்டாரும் சின்தசைசரும் வாசித்தவர். பெரிய இசையமைப்பாளர்களுக்குப் பின்னால் இருந்து வாசித்ததால் பெயர் வெளியே வராத எத்தனையோ கலைஞர்களில் ஒருவர். 1980இல் 'குர்பானி' படத்தில் நாசியா ஹசன் பாடிய பாட்டுக்குப் பிறகு ஹிந்திப் படவுலகில் டிஸ்கோ அலை அடித்தது. அந்த அலையில், 1982இல், சரண்ஜித் சிங் எச்.எம்.வி. கம்பனிக்கு ஓர் இசைத்தட்டுச் செய்தார். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால், 'டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்'. பைரவ், லலித், பூபாளி, தோடி, யமன், மால்கோன்ஸ் என்று பத்தும் ஹிந்துஸ்தானி ராகங்கள். பூபாளியை நாம் மோகனம் என்போம், யமனுக்கு நெருங்கியது கல்யாணி, மால்கோன்ஸ் எங்கள் ஹிந்தோளம். தபேலா இல்லை, பாட்டும் இல்லை. மூன்று ஜப்பானிய மெஷின்கள் மட்டும். மூன்றுமே ரோலண்ட் கம்பனி செய்தவை. ஒன்று தாளத்துக்கு, ஒன்று அடித்தள ஸ்வரத்துக்கு, ஒன்று ராகத்துக்கு.

தட்டு விற்கவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, பழைய தட்டுகளைத் தேடி இந்தியாவில் அலைந்த ஓர் ஒல்லாந்துக்காரரின் கையில் அது சிக்கியது. 2010இல் மறுபடி வெளியானது. கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். 'அசிட் ஹவுஸ்' என்று ஒரு நடன இசை இருக்கிறது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்து இங்கிலாந்துக்குப் போய், உலகத்தையே ஆடவைத்தது. அதன் முதல் தட்டு என்று பலரும் சொல்வது, ஃபியூச்சர் என்ற குழு 1987இல் வெளியிட்ட 'அசிட் ட்ரெக்ஸ்'. சரண்ஜித் சிங்கின் தட்டு கேட்பதற்கு அதே போல இருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் மூத்தது! போன் செய்தி இங்கேதான் பிறக்கிறது. "முன்னால் வந்தது இந்தியத் தட்டு, ஆகவே மற்றது களவு."

இரண்டும் ஒன்று போல் கேட்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே மெஷின், ரோலண்டின் டீ.பி.-303. கையடக்கமான ஒரு வெள்ளிநிறப் பெட்டி. தனியாகக் கிட்டார் வாசிப்பவருக்குப் பக்கத்தில் 'பேஸ் கிட்டார்' வாசிக்க ஆள் இல்லாவிட்டால் இது வாசிக்கட்டும் என்று செய்யப்பட்டது. ஆனால் அதன் சத்தம் பேஸ் கிட்டார் போலவே இல்லை. தவளை கத்துவது போலவும் தண்ணீர் குமிழியிடுவது போலவும் இருந்தது. கிட்டத்தட்ட 10,000 மெஷின்கள் செய்த பிறகு, 1984இல் கம்பனி உற்பத்தியை நிறுத்திவிட்டது.

அந்தப் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வெட்டாமல் வழுக்கிப் போகலாம். ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது கமகம் மாதிரி. இன்னொன்று, எங்கள் ராகங்களில் மேற்கத்திய இசை போல கோர்ட் மாறுவதில்லை. தம்புரா போல ஒரே ஆதார ஸ்வரம் அடியில் ஓட, மேலே ராகம் விரியும். சிக்காகோ நடன இசையும் அப்படித்தான். ஒரே சுருதியில், ஒரே துணுக்கு திரும்பத் திரும்பச் சுழலும். ஒரே மெஷினும் மாறாத சுருதியும் நிற்காத தாளமும் சேர்ந்தால் பம்பாயிலும் சிக்காகோவிலும் ஒரே மாதிரிச் சத்தம்தான் வரும்.

எங்கள் கேகாலை மாவட்டக் கித்துள் கருப்பட்டியைப் பாருங்கள். ஒரு கிராமத்துக் கருப்பட்டியும் இருபது மைல் தள்ளி இன்னொரு கிராமத்துக் கருப்பட்டியும் ஒரே வடிவத்தில் இருக்கும். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யவில்லை. இரண்டு வீட்டிலும் பாகை ஊற்றியது தேங்காய்ச் சிரட்டையில்.

சிக்காகோவில் என்ன நடந்தது? கம்பனி கைவிட்ட அந்தப் பெட்டி பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. ஃபியூச்சர் குழுவின் இளைஞர்கள் அப்படி ஒன்றை வாங்கினார்கள். இயக்குவது எப்படி என்று தெரியாமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினார்கள். அந்தத் திருகலில் பிறந்த சத்தம்தான் 'அசிட்'. சரண்ஜித் சிங் தேடியது ராகத்தை, இவர்கள் தேடியது சத்தத்தின் நிறம் மாறுவதை. அவர்களுடைய இசையின் பெற்றோரும் தெரிந்தவர்களே. அமெரிக்க டிஸ்கோ, மெஷின்களை வைத்துப் பாடிய ஜேர்மனியின் கிராஃப்ட்வேர்க் குழு, ஃபிரெங்கி நக்கிள்ஸ் போன்றவர்கள் தட்டுப் போட்ட சிக்காகோ நடனக் கூடங்கள். இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். களவெடுத்த "வெள்ளைக்காரன்" என்று செய்தி சொல்கிறதே, அந்த ஃபியூச்சர் இளைஞர்கள் வெள்ளைக்காரர்களே அல்ல. அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகள். ஒருவரின் உழைப்பை மதிக்கப் போய் இன்னொருவரின் உழைப்பைக் களவு என்று சொல்லிவிட்டோம்.

ஹதீஸ் கலையில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரிடமிருந்து கேட்டதாக அறிவித்தால், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பது மட்டும் இமாம் புஹாரி அவர்களுக்குப் போதவில்லை. இருவரும் சந்தித்தது உறுதியாக வேண்டும் என்றார்கள். காணி உறுதியில் கை மாறிய வரிசையைப் பார்ப்பதும் இப்படித்தான். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் உறுதி செல்லாது. சரண்ஜித் சிங்கின் தட்டு சிக்காகோ இளைஞர்களின் கைக்குப் போனது என்று எவரும் இதுவரை சான்று காட்டவில்லை. அவர்கள் சந்திக்கவில்லை. ஆகவே அது முன்னால் வந்தது. மூலம் என்று சொல்ல முடியாது.

இனி மாமா சொன்ன ரொக் பாட்டு. பீட்டில்ஸ் குழு 1966 ஏப்ரலில் லண்டனில் ஒலிப்பதிவு செய்த 'டுமோரோ நெவர் நோஸ்' பற்றித்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருடம் வந்த 'ரிவோல்வர்' தட்டின் கடைசிப் பாட்டு. அக்காலத்து ரொக் பாட்டுகளில் இல்லாத மூன்று விடயங்கள் அதில் உண்டு. பாட்டு முழுக்க கிட்டத்தட்ட ஒரே சுருதியில் நிற்கிறது. ரிங்கோ ஸ்டாரின் ட்ரம் ஒரே அடியை மாறாமல் அடிக்கிறது. ஒலிநாடாத் துண்டின் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். இன்றைய டீஜே கணினியில் செய்யும் 'லூப்' வேலையை அவர்கள் நாடாவிலும் பசையிலும் செய்தார்கள். பாட்டின் அடியில் ஓடும் சுருதி எது தெரியுமா? தம்புரா. ஜோர்ஜ் ஹரிசன் அப்போது இந்திய இசையில் மூழ்கியிருந்த காலம்.

அப்படியானால் நடன இசை இந்தப் பாட்டில் தொடங்கியதா? அதையும் அதே அளவுகோலால் அளப்போம். சிக்காகோ நடனக் கூடங்களின் பிறப்புக்கும் இந்தப் பாட்டுக்கும் நேரான கண்ணி எதையும் நாம் காணவில்லை. ஆனால் முப்பது வருடம் கழித்து ஒரு கண்ணி கிடைக்கிறது. 1996இல் கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து நடன இசைக் குழுவின் 'செட்டிங் சன்' அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பீட்டில்ஸ் பாட்டின் அந்த ட்ரம் அடியும் அந்தச் சுழற்சியும் அதில் அப்படியே தெரியும். எங்கள் பாட்டை வெட்டி ஒட்டிவிட்டீர்களா என்று பீட்டில்ஸ் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்கும் அளவுக்கு. வெட்டி ஒட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டி வந்தது. ஆனால் அந்தப் பாட்டின் மீதிருந்த பிரியத்தை அவர்கள் மறைக்கவில்லை. கேட்டவர் இருக்கிறார், கேட்டது தெரிகிறது. இதுதான் செல்வாக்கு. நடன இசையின் பிறப்பில் அந்த ரொக் பாட்டுக்கு இடம் காட்ட முடியவில்லை, வளர்ப்பில் காட்டலாம்.

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து மேற்கின் நடன மேடைக்கு ஒரு பாதை போயிருக்கிறது. போன் செய்தி தேடிய இடத்தில் அது இல்லை. தம்புராவின் மாறாத சுருதி ஒரு ரொக் பாட்டுக்குள் போய், முப்பது வருடம் கழித்து நடன இசைக்கு வந்திருக்கிறது. பெருமைக்காகத் தேடியபோது அகப்படாத பாதை, சான்றைத் தேடியபோது அகப்பட்டது.

எங்கள் பஸ்களில் காது கிழியப் போடும் பைலாவுக்கும் இப்படி ஒரு பாதை உண்டு. போர்த்துக்கேய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுதல். 1505இல் வந்து இறங்கியவர்களின் மொழி, அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் தாளம், அந்தத் தாளத்தை இன்றும் புத்தளத்தில் பாடிக் காக்கும் காப்பிரிச் சமூகம், அதை 20ஆம் நூற்றாண்டில் சிங்களப் பாட்டாக்கிய வொலி பஸ்டியன். கண்ணிகள் தெரிகின்றன. அதனால் சந்தேகமில்லாமல் சொல்கிறோம்.

ஒரு பாட்டுக்கு ஏன் இவ்வளவு வாதம் என்று கேட்பீர்கள். "யார் முதலில்" என்ற கேள்விக்கு இந்த நாட்டில் விலை கொடுத்தவர்கள் நாங்கள். எங்களைச் சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த மக்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கியது. தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. முஸ்லிம்களைப் பார்த்து "நேற்று வந்தவர்கள்" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறோம். அதற்குப் பதில் சொல்லப் போய் நாங்களும் "இல்லை, நாங்கள்தான் முதல்" என்று பழங்கதை தேடி ஓடுகிறோம். பிள்ளைகள் போனில் பகிரும் செய்தியில் இருப்பதும் அதே நோய்தான். ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்று சான்று கேட்பது நியாயம். ஒரு மனிதரை மதிப்பதற்கு அவர் முதலில் வந்திருக்க வேண்டும் என்பது அநியாயம்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, கேள்வி கேட்ட பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "அப்ப அந்த மனுசனுக்கு ஒண்டும் இல்லையா சேர்?"

இருக்கிறது மகன். சரண்ஜித் சிங் எழுபதைக் கடந்த வயதில் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். வாழ்நாளெல்லாம் பின்னால் இருந்து வாசித்தவரை, கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளை வயதுள்ளவர்கள் முன்னால் நின்று கேட்டார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். அந்தத் தட்டு நல்ல தட்டு. யாருக்கும் மூலமாக இருந்திருக்காவிட்டாலும் நல்ல தட்டுத்தான்.

ஒரு வேண்டுகோள். ருவான்வெல்லை, கரவனெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் பழைய இசைத்தட்டுகள் வைத்திருப்பவர்கள், லயத்தில் இலங்கை வானொலி கேட்ட நினைவுள்ள மூத்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த வருடம், யார் வீட்டில், என்ன பாட்டு, யார் சொல்லி உங்களுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகள் கொப்பியோடு வருவார்கள். கண்ணி கண்ணியாக எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.